மேசையோரத்து சுவிட்ச்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி அனுப்பும் கம்பெனி ஒன்றில் பில் போடுகிற வேலை பிரிஸ்கில்லாவுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவள் மேசையில் மானிட்டர், பிரிண்டர், பில் கட்டு என்று கை வைக்க இடம் இருக்காது. சிபியு மேசைக்கு அடியில் சுவரோடு சுவராகக் கிடந்தது. காலையில் அதை ஆன் பண்ண வேண்டுமென்றால் மண்டியிட்டுக் குனிந்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்துக் கையை நீட்ட வேண்டும். நடுவில் கரண்ட் போய் வந்தால் மறுபடியும் அதே கூத்து.

இத்தனை வருஷமாக அவள் அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. இப்போது நினைக்க வேண்டி வந்தது. "குனிஞ்சு நிமிராதீங்க" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்காமல் போய்விட்டது. இரண்டு தடவையும் எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொல்லி, பிறகு விசாரித்தவர்களிடமெல்லாம் "இல்ல, கலைஞ்சிருச்சு" என்று சொன்னாள். இழந்ததைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டாள். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் அவளைக் கரைத்துவிட்டது. அதனால் இந்த முறை வாயே திறப்பதில்லை என்று அவளும் கணவன் ஜெபாவும் பேசி வைத்திருந்தார்கள்.

ஊரில் அவள் பஸ் இறங்குகிற இடத்தில் ஆபித் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஒருநாள் சாயங்காலம் அவனிடம் போய் நின்றாள்.

"தம்பி, குனியாம, உக்காந்த இடத்துல இருந்தே கம்ப்யூட்டர ஆன் பண்ற மாதிரி ஏதும் செய்ய முடியுமா?"

"சுவிட்ச் போயிருச்சாக்கா?"

"அது நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் முழங்கால் மடக்க முடியல."

பொய் அவ்வளவு லேசாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். ஆபித் அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாள் கம்பெனிக்கு வந்து சிபியுவைத் திறந்தான். பவர் பட்டனுக்குப் போகிற இடத்திலிருந்து மெல்லிசாக இரண்டு ஒயர் இழுத்து, மேசை விளிம்பில் ஒரு காலிங் பெல் சுவிட்ச்சைப் பொருத்தினான்.

"அமுக்கிட்டு ஒடனே விட்ரணும்க்கா. அமுக்கியே வச்சிருந்தா பட்டுனு ஆஃப் ஆயிரும்."

அவள் அமுக்கினாள். காலடியில் சிபியு விசிறி சுழலத் தொடங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே திரை வெளிச்சமாவதைப் பார்த்தாள். உள்ளே இருக்கிற ஓர் உயிருக்காக ஒரு காரியம் செய்திருக்கிறோம் என்று தோன்றியது. அப்படித் தோன்றவிட்டதே பயமாகவும் இருந்தது.

சில நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒரு மத்தியானம் வாசலில் லாரி காத்து நிற்க, பாதி பில் ஏறியிருந்தது. முதலாளி நவநீதகிருஷ்ணன் வந்து மேசை விளிம்பில் கையை ஊன்றித் திரையை எட்டிப் பார்த்தார். உள்ளங்கை சுவிட்ச்சின் மேலேயே அழுந்தி நின்றது. திரை அணைந்துவிட்டது.

"யாரு இந்தச் சனியன இங்க வச்சது? கழட்டும்மா மொதல்ல. செத்த குனிஞ்சா தேஞ்சா போயிருவ?"

முழங்கால் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். இந்த முறை பொய் வரவில்லை.

"நான் குனியக் கூடாது சார். மாசமா இருக்கேன்."

முதலாளி கையை எடுத்துக்கொண்டார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாசல்பக்கம் திரும்பி, "டிரைவர் அண்ணே, இன்னும் நேரமாகும், ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று குரல் கொடுத்தார். பிறகு அவளிடம், "அந்தப் பக்கமாத் தள்ளி மாட்டச் சொல்லும்மா. இங்க இருந்தா என்னைய மாதிரி எவனாவது கைய வச்சிருவான்" என்றார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. முதலாளிக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. ஜெபாவுக்குப் போன் போட்டாள்.

"சொல்லிட்டேங்க."

"யாருகிட்டட்டி?"

"முதலாளிகிட்ட. வேற வழியில்ல. இனி அம்மாகிட்டயும் சொல்லிரட்டா?"

"பயமா இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

"எனக்கும்தான். சொல்லு."

வன்னியம்பட்டியில் இருந்த அம்மா விஷயத்தைக் கேட்டு, "ஆண்டவரே" என்று மட்டும் சொன்னாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, இதை வேற யாருகிட்டயும் சொல்லிராத" என்றாள்.

பிரிஸ்கில்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

எட்டாம் மாதம் வரை வேலைக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. அப்படியே ஜெபாவின் மூக்கு.