கார்த்தேஜும் கவாத்துக் கத்தியும்

கத்திகளைத் திருப்பிக் கொடுத்தவர்களின் பட்டியலை எழுதியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேயிலை விலை விழுந்து இரண்டாவது வருடம். கட்டபெட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் ஃபேக்டரி நின்றுவிட்டது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றார்கள். சரி என்றோம். ஸ்டோரில் அரிசி கிடையாது என்றார்கள். அதற்கும் சரி. மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, பெரிய கிளார்க் லிங்கசாமி கவாத்துக் கத்திகளைக் கேட்டார்.

தேயிலைச் செடியை முழங்காலுயரத்துக்கு வெட்டி நிறுத்துகிற கத்தி அது. இரும்பு எஸ்டேட்டுடையது, பிடி அவரவர் செதுக்கிப் போட்டுக்கொண்டது. அதனால் ஒருவர் கத்தியை இன்னொருவர் தொடமாட்டார்.

"ஏனுங்க, கத்தி எதுக்குங்க?" என்று கேட்டார் என் அப்பா சுடலைமுத்து.

"மேலிடத்து உத்தரவு. ஸ்டோர்ல பத்திரமா இருக்குமப்பா."

பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்: "தொரைக்கு நம்மளப் பாத்து பயம் வந்துருச்சுடோய்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கத்தி எடுத்து வந்தார்கள்.

சின்ன கிளார்க்கை ஏற்கெனவே வேலையை விட்டு அனுப்பியிருந்ததால் பேர் எழுத ஆளில்லை. "மாலதி, நீதான் டிகிரி படிச்சவ. வந்து எழுது கண்ணு" என்றார் லிங்கசாமி. தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் முதல் பட்டதாரி நான். பி.ஏ. வரலாறு. அறுபத்திரண்டு பேரையும் முத்து முத்தாக எழுதினேன். நானும் அதைப் பயம் என்றுதான் நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

எழுதிக் கொடுத்துவிட்டு கோத்தகிரிக்கு பஸ் பிடித்தேன். அங்கே ஒரு தனியார் பள்ளியில் நான் தற்காலிக டீச்சர். அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புக்கு ரோமின் போர்கள். கார்த்தேஜ் ஏற்கெனவே இரண்டு முறை ரோமிடம் தோற்ற நகரம். மூன்றாம் முறை ரோமர்கள் முந்நூறு பிள்ளைகளைப் பணயமாகக் கேட்டார்கள். கொடுத்தார்கள். ஆயுதங்களைக் கேட்டார்கள். வண்டி வண்டியாகக் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் ரோமர்கள் சொன்னார்கள்: ஊரைக் காலி செய்துவிட்டு, கடலை விட்டுப் பத்து மைல் உள்ளே போங்கள். கப்பலோட்டிப் பிழைத்தவர்களிடம்.

மனிஷா என்கிற மாணவி எழுந்தாள். "மிஸ், ஆயுதத்தைக் குடுத்தா அடுத்து இதுதான்னு தெரியாதா அவங்களுக்கு?"

"குடுத்தா விட்டுருவாங்கன்னு நெனச்சாங்க."

"லூசா மிஸ் அவங்க?"

வகுப்பு சிரித்தது. "உட்காரு" என்று சொல்லிவிட்டு போர்டில் கி.மு. 149 என்று எழுதினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் படிப்பின் லட்சணம் அது.

உறைத்தது அம்மாவுக்கு. அன்னக்கிளி, மூன்றாவது வரை படித்தவள், இருபது வருடமாகக் கொழுந்து பறிப்பவள். சாயந்தரம் முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டே சொன்னாள்: "பயந்துக்கிட்டா வாங்குனானுங்க? அடுத்த மாசம் கவாத்து. கவாத்துப் பண்ணலைன்னா செடி மரமாயிரும். மரத்துல ஏறியா கொழுந்து கிள்ளுவோம்? தோட்டத்தயே வேண்டாம்னு விட்டுட்டானுங்க. நீங்க சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டு வந்திருக்கறீங்க."



பத்து நாள் கழித்து நோட்டீஸ் வந்தது. இங்கிலீஷில். அதைப் படிக்கவும் நான்தான். வேலை முடிந்தது, மாதக் கடைசிக்குள் லைன் வீடுகளைக் காலி செய்ய வேண்டும், விரும்பினால் கூடலூர்ப் பக்கம் இன்னொரு எஸ்டேட்டில் பார்க்கலாம். பின்னாலேயே அந்தப் பட்டியலின் ஜெராக்ஸ், மேலே புதிதாக ஒரு தலைப்பு: கருவிகளைத் திருப்பிக் கொடுத்துத் தாமாகவே விலகியவர்கள். என் கையெழுத்து. முத்து முத்தாக.

படித்து முடித்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றைக்கு வீட்டில் அப்பா என்னைக் கேட்டார்: "பள்ளிக்கூடத்துல என்ன நடத்தற இப்ப?"

சொன்னேன். பணயப் பிள்ளைகள், ஆயுதம், பத்து மைல், எல்லாம். அப்பா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பறம்? போயிட்டாங்களா?"

"போகல. கோட்டைக் கதவ அடைச்சுட்டாங்க. புதுசா ஆயுதம் அடிச்சாங்க. பொம்பளைங்க தலைமுடிய அறுத்துக் கயிறு திரிச்சாங்களாம்."

"என்ர முடிக்குக் கயிறெங்க வரும்? ஊசில கோக்க நூலு வேணா வரும்" என்றாள் அம்மா.

"செயிச்சாங்களா?" என்றார் அப்பா.

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லப்பா. ஊரையே எரிச்சுட்டாங்க. மிச்சமிருந்தவங்கள அடிமையா வித்துட்டாங்க."

"எத்தன நாளு தாங்குனாங்க?"

"மூணு வருசம்."

அப்பா என் தங்கை ராஜப்ரியாவைப் பார்த்தார். அவள் ஒன்பதாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வருசமா? அப்ப பிரியா பன்னெண்டாவது முடிச்சிரும்" என்றார்.

மறுநாள் காலையில் அதை லைன் முழுக்கச் சொல்லிவிட்டார். ரோம், கார்த்தேஜ் என்ற பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. எரித்ததையும் விற்றதையும் அவர் மறைக்கவில்லை. அவரவர் வீட்டுப் பிள்ளைகளின் வகுப்பை வைத்து அவரவர் கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

மாதக் கடைசியில் சாமான் ஏற்ற லாரி வந்து நின்றது. ஒருவரும் ஒரு பாத்திரத்தைக்கூட வெளியே எடுக்கவில்லை. அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி டீ கேட்டான். பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள்.

லிங்கசாமி மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"ஏம்மா மாலதி, கடைசில என்னாகும்னு இவிங்களுக்கு நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"சொல்லிட்டனுங்க" என்றேன்.