ஒட்டு இல்லாத கோடு

அக்கா போன் செய்தபோது அவள் திரையில் பாதி லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பாதி இருந்தது, பின்பாதியைக் காணோம். வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டிய இடம் அது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் துண்டு துண்டாக அனுப்புவதை ஒரே படமாக ஒட்டித் தருவதுதான் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் பிழைப்பு. எங்கெங்கே ஒட்டு இருக்கிறது என்று ஒரு புரோகிராம் தானாகவே கண்டுபிடித்து, கோட்டுக்கு இரண்டு பக்கத்து நிறத்தையும் ஒன்றாக்கிவிடும். அது சொன்னது சரிதானா என்று பார்த்துப் பொத்தானை அமுக்குவது இவள் வேலை. காலையில் உட்கார்ந்தால் சரி, சரி, சரி. வீட்டிலும் புருஷன் எதைக் கேட்டாலும் வாய் தானாக "சரி" என்று சொல்லிவிடுகிறது. அந்த மனுஷனுக்கு ஒரே கொண்டாட்டம்.

"இந்தத் தடவையும் தண்ணி லாரி வரலடி," என்றாள் அக்கா, எடுத்த எடுப்பிலேயே. "மாமா தண்ணி ஆபீஸுக்குப் போய்க் கேட்டாரு. உங்க பக்கம் பச்சையாத்தானே இருக்கு, லாரி எதுக்குன்றானாம். மேலேருந்து எடுத்த படத்துல பாத்தானாம். எவன் கண்ணுக்குடி பச்சையாத் தெரியுது? கால்வாய்க்கு அந்தப் பக்கம் தண்ணி ஓடுது, எங்க பக்க மதகு அடைஞ்சு கெடக்கு. எலுமிச்சை அத்தனையும் சுள்ளியாப் போச்சு. பாத்திரம் கழுவுற தண்ணிய எடுத்துப் பின்வாசல் மரத்துக்கு ஊத்திட்டு இருக்கேன், அது ஒண்ணாவது பொழைக்கட்டும்னு."

"மத்த மரம்?"

"வேர்ல இன்னும் உசுரு இருக்குன்றாரு மாமா. இந்த மாசம் தாண்டினா வெறகுதான்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "நீ படம் பாக்குற ஆபீஸ்லதானே இருக்க? யார்கிட்டயாவது கேளேன்."

தண்ணீர் ஆபீஸுக்குப் படம் தருவதே இவள் கம்பெனிதான். கேட்பதற்கு வேறு யாரிடம் போவது?

இவள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. சரிபார்க்க வரும் படத்தில் ஊர்ப்பெயர் இருக்காது, திசையையும் மாற்றித் திருப்பித்தான் தருவார்கள். தெரிந்த ஊர் என்றால் கை ஒரு பக்கம் சாயும் என்பது மேனேஜர் அம்மாவின் எண்ணம். ஊரைப் பார்க்காதே, கோட்டைப் பார். நல்ல வழக்கம் என்றுதான் இவளும் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

இந்த மாதம் அனுப்ப இருந்த படங்களில் அக்கா ஊரை அடையாளம் பார்த்துத் தேடி எடுத்து நேராகத் திருப்பினாள். கால்வாய் தெரிந்தது. அக்கா வீட்டு நீலத் தகரக் கூரை தெரிந்தது. இரண்டு கரையும் பச்சைப் பசேல் என்று இருந்தன. நிஜத்தில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் பழுப்பு, நடுவில் நூல் பிடித்த மாதிரி கால்வாய் என்று இருந்திருக்கும். புரோகிராம் அதை ஒட்டு என்று நினைத்து, போன மாதம் போலவே காய்ந்த பக்கத்துக்குப் பச்சையை அள்ளிப் பூசியிருந்தது. கீழே சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருந்தது இவளுடைய எண்.

பாவி, நிழலைப் பார்த்திருந்தால் போதுமே! உண்மையான ஒட்டு என்றால் இந்தப் பக்க மரத்தின் நிழல் ஒரு திசையிலும் அந்தப் பக்கத்து நிழல் இன்னொரு திசையிலும் விழும். புரோகிராமுக்கு நிழல் பார்க்கத் தெரியாது, அதற்குத்தான் ஆள். ஆரம்பத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தவள்தான். எல்லாமே சரியாக வர வர, பார்ப்பதை விட்டுவிட்டாள். இப்போது பார்த்தாள். கால்வாயின் இரண்டு கரையிலும் நிழல்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

ஓடிப்போய்ச் சொன்னதை மேனேஜர் அம்மா கடைசி வரை கேட்டார்.

"நீ சொல்றது நெசமாவே இருக்கலாம்மா. ஆனா அக்கா தோட்டம்னு நீயே சொல்லிட்ட. இப்ப திருத்தினா சிபாரிசுல மாத்திட்டாங்கன்னு தண்ணி ஆபீஸ் அதைத் தூக்கிப் போட்டுடும். திரும்ப வரிசையில விடறேன். யார்கிட்ட போகுதோ அவங்க பாக்கட்டும். நீ வாயத் தெறக்கக் கூடாது."

"சாயங்காலம் இந்த மாசப் படம் போயிடுமே மேடம். விட்டா அடுத்த மாசம்தான்."

"அதுக்குள்ள வந்துடும். போய் உக்காரு."

எங்கே உட்காருவது? எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். தாகம் இல்லாமலே இரண்டு தடவை தண்ணீர் பிடிக்கப் போனாள். மூன்றாவது தடவை குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தால், படம் போயும் போயும் முன்னால் உட்கார்ந்திருந்த சோடாபுட்டியிடம் வந்திருந்தது. அவன்தான் அந்தப் புரோகிராமை எழுதியவன். பெற்ற பிள்ளையைக் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வான், புரோகிராமைச் சொன்னால் தாங்கமாட்டான். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவன் விரல் பொத்தானில் இருந்தது.

"பின்னாடி நின்னு மூச்சு விடாதீங்க," என்றான் திரும்பாமல்.

அவள் மூச்சை நிறுத்தினாள். நிழலைப் பாருடா, நிழலைப் பாரு என்று உள்ளே கத்தினாள். டம்ளர் நிரம்பி விரல்களில் வழிந்தது. ஆபீஸ் குழாயில் மட்டும் எப்படித்தான் இவ்வளவு தண்ணீர் வருகிறதோ என்று ஆத்திரமாக வந்தது.

சோடாபுட்டி அமுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டு, திரைக்குக் கிட்டே போனான்.

"எல்லா நிழலும் ஒரே பக்கமா விழுது. அப்ப ஒட்டே இல்லையே இது. சே!" தன் தலையில் தானே தட்டிக்கொண்டான். "நல்ல கோட்டப் போய் ஒட்டுன்னு சொல்லியிருக்கு, கழுத."

பூசிய நிறத்தை நீக்கும் பொத்தானை அமுக்கினான். பச்சை கரையிலிருந்து வற்றிக்கொண்டே போனது. அடியிலிருந்து பழுப்பு வந்தது, வரிசை வரிசையாக, அக்காவின் மரங்கள் ஒவ்வொன்றும். இதைப் பார்த்தால் லாரி அனுப்பாமல் இருக்க மாட்டார்கள். வேரில் உயிர் இருக்கும்போதே வந்துவிட வேண்டும்.

"இதென்ன?" சோடாபுட்டி அம்புக்குறியை ஓர் இடத்தில் வைத்தான். "இங்க மட்டும் பச்சை போக மாட்டேங்குது. இன்னும் சாயம் ஒட்டிக்கிட்டு இருக்கா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் போன் அதிர்ந்தது. நீலக் கூரையின் ஓரத்தில், பின்வாசலை ஒட்டி, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பச்சை.