மழைக்கு வந்த வாடகைக்காரர்கள்

அக்கா காலமெல்லாம் நடத்திய தையல்கடையை விற்ற கையோடு, அவளும் தம்பியும் விலைக்கு வந்த ஒரு கிடங்கைப் பார்க்கப் போனார்கள். வீட்டில் இடம் போதாதவர்கள் கட்டில், பீரோ, பழைய பாத்திரம் என்று எதையாவது கொண்டுவந்து பூட்டிவைக்கிற வாடகை அறைகள் உள்ள கிடங்கு அது. நீள நீள நடைகள், இருபுறமும் ஷட்டர்கள். இனி அக்காவுக்குச் சோறு போட வேண்டியது இதுதான். ஏமாந்துபோனால் மறுபடி மெஷினில் உட்காரக் கண்ணும் இடுப்பும் இடம் தராது. அந்தக் கவலை தம்பிக்குக் கிடையாது. வாசலிலேயே மயங்கிவிட்டான்.

"ஒரு ரூம்கூட காலி இல்லம்மா. பூட்டைப் பாருங்க," என்றார் முதலாளி.

"பூட்டு யார் வேணா போடலாமே சார். ஆள் வராங்களா?"

"அக்கா, வந்த இடத்துல மாமியார் மாதிரி பேசாத," என்று தம்பி காதைக் கடித்தான்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தூறல் வலுப்பதற்குள் வாசலில் ஒரு கார் வந்தது; பின்னாலேயே ஒரு ஆட்டோ, நனைந்தபடி ஒரு தம்பதி. ஷட்டர்கள் தடதடவென்று மேலே போயின.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா! கொட்டுற மழையிலயும் கூட்டம்! ஆள் எங்கேன்னு கேட்டியே, எண்ணிக்கோ!"

சந்தோஷப்பட வேண்டிய முதலாளியின் முகம் ஏனோ சுருங்கியது. "ஆபீஸ்ல உக்காந்து பேசலாமே, டீ சொல்றேன்," என்று வழி காட்டினார்.

"டீ எங்கயும் ஓடிடாது சார்," என்று அக்கா எதிர்த்திசையில் நடந்தாள்.

ஆட்டோவில் வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஒரு கையில் பிளாஸ்டிக் தொட்டி, இன்னொரு கையில் தார்ப்பாய். யார் என்ன என்று கேட்காமலே பாயின் ஒரு முனையை அக்காவிடம் நீட்டினார்.

"பிடிங்க. கட்டிலுக்கு மேல இழுத்துவிடணும். உங்களுக்கு எந்த ரூம்?"

"நான் வாங்க வந்திருக்கேன்."

"தார்ப்பாயா?"

"கிடங்கை."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படின்னா நல்லா இறுக்கிப் பிடிங்க."

கூரையிலிருந்து ஒரு சொட்டு அக்காவின் நெற்றியில் விழுந்தது. அடுத்த அறையில் அந்தத் தம்பதி வாளியை வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு மழைக்கும் இப்படியா? வேற இடம் பாக்கக்கூடாதா?"

"வீட்டுக்குப் பக்கம், வாடகையும் தோது. முதலாளியும் தங்கமான மனுஷன்தான். மழை வந்தா மட்டும் ஆளைக் காணோம்."

தங்கமான மனுஷன் நடையின் முனையில் நெளிந்துகொண்டிருந்தார். அக்கா கோபப்படவில்லை. இடம் நல்ல இடம், ஆட்களும் நிஜம் என்று அவள் மனம் சமாதானமாகியிருந்தது.

"சார், கூரையை மாத்துங்க. அடுத்த மழைக்கு நான் வந்து இங்க நிப்பேன். ஒருத்தரும் வரலேன்னா வாங்கிக்கறேன்."

"ஒருத்தரும் வராத இடத்தையா வாங்குவ?" தம்பி பதறினான். "உனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா!"

டீச்சர் சிரிப்பை அடக்கமாட்டாமல் தொட்டிக்குள் குனிந்துகொண்டார். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. ஒழுகும் இடத்தை அண்ணாந்து பார்த்து, "நாளாகும்மா," என்றார்.

"ஆகட்டும்," என்றாள் அக்கா. "டேய், சும்மா நிக்காம இந்த முனையைப் பிடி."