எண்ணெய் குடித்த சங்கம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் கொழும்பில் துறைமுகம், ட்ராம், அச்சுக்கூடம் என்று எங்கே பார்த்தாலும் தொழிற்சங்கம்தான். அந்தக் காற்று கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்தது. நோயாளிகளைத் தூக்கி இறக்கி, படுத்தபடியே மலஜலம் கழிக்க வைக்கும் பெட்பேன் எடுத்து, தரை துடைக்கும் சிற்றூழியர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். தலைவர் ராமையா. நல்ல உயரம், முறுக்கு மீசை. ஊசியைக் கண்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். காரியதரிசி மயிலம்மா. ஜிந்துப்பிட்டிக் குழாயடியில் சண்டை போட்டுப் பழகிய வாய்.

கோரிக்கை ஒன்றே ஒன்று: உட்கார ஸ்டூல் வேண்டும். காலையில் வந்தால் மாலை வரை நின்றபடிதான் வேலை. சும்மா இருக்கும் நேரத்திலும் சுவரில் சாயக்கூடாது என்பது பெரிய டாக்டர் நோபேட்டின் சட்டம். உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் ஒழுக்கம் போய்விடும் என்பார்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு திங்கட்கிழமை காலை மயிலம்மா ஆண்கள் வார்டின் நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ராமையா மட்டும், தலைவர் என்பதால், காலியாக இருந்த கட்டிலில் உட்கார்ந்தார்.

டாக்டர் வந்து பார்த்தார். "என்ன இது? எழும்புங்கோ எல்லாரும்!"

"முடியாதுங்க தொர. காலு வலிக்குது," என்றாள் மயிலம்மா.

"கால் வலியோ? அப்ப நீங்கள் வேலையாட்கள் இல்லை, நோயாளிகள். ஆளுக்கொரு அவுன்ஸ் விளக்கெண்ணெய் தாறன்!"

எண்ணெய் என்றதும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தார். ராமையா உண்மையிலேயே பாதி எழுந்துவிட்டார். மயிலம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"குடுங்க தொர. குடிக்கிறோம்."

போத்தலை எடுத்துவர ஆள் இல்லை. டாக்டரே போய் எடுத்துவந்தார். கோபத்தில் அளவு கொஞ்சம் கூடியது. மயிலம்மா ஒரே மடக்கில் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ராமையா மூக்கைப் பிடித்து, கண்ணை மூடி, முருகனைக் கூப்பிட்டுக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள்.

கால் உடைந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்த புடவை வியாபாரி ஸாலிஹ் நானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர், ஒரு கேள்வி," என்றார். "இந்த எண்ணெ வயித்துல வேல செய்யத் தொடங்கினா பெட்பேன் தூக்க யாரு ஈக்கிது?"

அப்போதே ராமையாவின் வயிறு கடகடவென்று உருண்டது எல்லோருக்கும் கேட்டது.

"கக்கூசுக்குப் போங்கோ!" என்று டாக்டர் பதறினார்.

"நோயாளிங்க கட்டில விட்டு எறங்கக் கூடாதுன்னு நீங்கதான தொர சொல்வீங்க?" என்றாள் மயிலம்மா, ஒரு கட்டிலில் ஏறிப் படுத்தபடி. மற்றவர்களும் காலிக் கட்டில்களைத் தேடி ஏறினார்கள்.

டாக்டர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸுக்குப் பெண்கள் வார்டில் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது.

கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு, டாக்டர் நோபேட் முதல் பெட்பேனைத் தூக்கினார். ராமையா கூச்சத்தில் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, "மன்னிக்கணும் தொர, மன்னிக்கணும்," என்று முனகினார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர், மறுபடியும் ராமையா. மத்தியானம் ஆனபோது டாக்டருக்கும் கால் வலித்தது. உட்கார இடம் தேடினார். வார்டு முழுவதும் ஒரு நாற்காலிகூட இல்லை.

ஸாலிஹ் நானா தன் கட்டுக்காலை மெதுவாக நகர்த்தி இடம் விட்டார். "இரிங்கொ டொக்டர்."

டாக்டர் கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்து, "ஐயோ ஆண்டவரே," என்று பெருமூச்சு விட்டார்.

"தூக்கம் வருதா?" என்று ஸாலிஹ் நானா அக்கறையோடு கேட்டார்.

டாக்டர் மயிலம்மாவைப் பார்த்து, "எத்தனை ஸ்டூல் வேணும்?" என்றார்.

"ஆளுக்கொண்ணு தொர. ஒங்களுக்கும் ஒண்ணு சேத்துச் சொல்லிருவோமா?"

"ஓம்," என்று டாக்டர் மெல்லிய குரலில் சொல்லித் தலையாட்டினார்.

அன்று மாலை வெற்றிக் கூட்டம் நடந்தது. தலைமையுரை ஆற்ற எழுந்த ராமையா, "தோழர்களே" என்று தொடங்கிவிட்டு வெளியே ஓடினார், திரும்பி வந்து மறுபடியும் "தோழர்களே" என்றார், மறுபடியும் ஓடினார். மயிலம்மாதான் பேசி முடித்தாள்.

கூட்டம் கலையும்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். "எங்களையும் சங்கத்துல சேத்துக்கங்க அக்கா," என்றாள் அவர்களில் ஒருத்தி, ஆறாயி. "ஆனா சேரும்போதே ஏதாச்சும் குடிக்கணுமா?"