பின்கேட்டில் இரண்டு கறுப்புக் கண்ணாடி

யாகப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன். வலது கண்ணில் புரை விழுந்து லாரி நம்பரில் மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தபோது அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படி விடுவார்? கூட நிற்கிற எல்லப்பன், தன் மச்சானை அந்த இடத்தில் நுழைக்க ஒரு வருஷமாக அலைகிறான். சூப்பர்வைசர் முனிரத்தினமோ, கண்ணில் கத்தி வைத்த ஆள் கேட்டுக்கு லாயக்கில்லை என்று போன வருஷம்தான் ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினார்.

அதனால் வேளாங்கண்ணிக்கு நடந்து போவதாகச் சொல்லிப் பத்து நாள் லீவு வாங்கிக்கொண்டு, காஞ்சிபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். சர்க்கரை பார்த்தார்கள், ரத்தக்கொதிப்பு பார்த்தார்கள், இமை முடியைக் கத்தரித்தார்கள். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் எதிர்ச்சுவர்க் காலண்டரில் தேதி பளிச்சென்று தெரிந்தது. மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு மாசம் தலைக்கு ஊத்தாதீங்க. அழுக்குக் கை, அடுத்தவங்க துண்டு எதுவும் கண்ணுல படக்கூடாது. சீழ் புடிச்சா கண்ணே போயிடும்" என்றாள் நர்ஸ்.

லீவு முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குப் போனார்.

"இன்னாய்யா, மாதாவப் பாக்கப் போய் ஹீரோ கணக்கா வந்துகீற?" என்றான் எல்லப்பன்.

"மெட்ராஸ் ஐ."

அப்போது ஊரெல்லாம் அதுதான் என்பதால் பொய் எடுபட்டது. ஆனால் மூன்றாம் நாள் எல்லப்பனுக்கு நிஜமாகவே வந்து தொலைத்தது. கண் இரண்டும் சிவந்து பீளை ஒழுகியது. அவனும் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டான்.

"இந்த ஆளுதான் சார் ஒட்ட வெச்சான்!" என்று கத்தினான்.

முனிரத்தினம் பத்தடி தள்ளி நின்றுகொண்டார். "லைன்ல எவனுக்காவது ஒட்டுச்சுன்னா என் தலைதான் உருளும். ரெண்டு பேரும் பின்கேட்டு ரூம்லயே கெடங்க."

ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே டூட்டி நோட்டு, ஒரே பேனா. எல்லப்பன் கண்ணைக் கசக்கிய கையாலேயே பேனாவை நீட்டினான். யாகப்பன் வாங்கவில்லை.

"ஏன், தொட மாட்டியா? மணி பாத்து சொட்டு மருந்து வுட்டுக்கினுகீறியே, மெட்ராஸ் ஐக்கு எவன்யா அப்டி வுடுறான்? எனக்குத் தெரியும்யா. தைரியம் இருந்தா சார்கிட்ட சொல்லு." பீளை துடைத்த துண்டை வேண்டுமென்றே யாகப்பன் மடியில் போட்டான்.

சொன்னால் சோறு போகும், சொல்லாவிட்டால் கண் போகும். யாகப்பன் துண்டை உதறிவிட்டு எழுந்தார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு நேராக முனிரத்தினத்திடம் போனார். வேடிக்கை பார்க்க எல்லப்பனும் நோட்டும் பேனாவுமாகப் பின்னாலேயே வந்தான்.

"எனக்கு மெட்ராஸ் ஐ இல்ல சார். புரை ஆபரேஷன். இப்ப முன்னவிட நல்லாத் தெரியுது. இவன்கூட மட்டும் போடாதீங்க."

"என்னையே ஏமாத்துனியா? சட்டையக் கழட்டி வெச்சிட்டு வெளிய போ!"

யாகப்பன் யூனிபாரத்தைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார். கோபத்தில் முனிரத்தினம் எல்லப்பன் கையிலிருந்த நோட்டையும் பேனாவையும் பிடுங்கி, யாகப்பன் பெயருக்கு நேராக நீக்கம் என்று கிறுக்கினார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. அதே விரலால் கண்ணை அழுத்தித் தேய்த்தார், முதலில் ஒன்றை, பிறகு மற்றதை.

யாகப்பனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. நல்லா வேணும்டா உனக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வாயைத் திறக்காமல் பனியனோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.