கொட்டகையில் எல்லோருக்கும் படபடப்பு

மூன்றாம் நம்பர் மிஷினை நிறுத்தும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள் ஹெதர். வைமாரியின் கையிலிருந்த கத்தரி மிஷின் முனகி அடங்கியது. அவள் முழங்கால்களுக்கு நடுவே அரைகுறையாகக் கம்பளி உரிந்த ஆடு மிரண்டு பார்த்தது.

"ஆன்ட்டி, பாதியில நிறுத்திட்டீங்களே. இது வெளிய போனா ஒத்தைக் கை சட்டை போட்ட மாதிரி நிக்கும்."

"நிக்கட்டும். நீ விழாம இருக்கணும். கையக் குடு."

ஹெதர், பூமியின் தென்கோடியில் இருக்கும் சௌத்லாந்தின் பண்ணைகளைச் சுற்றிவரும் நர்ஸ். நாடியை எண்ணினாள். நூற்று முப்பத்து நான்கு. விரல்களில் நடுக்கம். மூன்றே வாரத்தில் ஆறு கிலோ காணாமல் போயிருந்தது.

கம்பளி வெட்டும் கூட்டத்தின் கான்ட்ராக்டர் கெரியாமா தன் மிஷினையும் நிறுத்திவிட்டு வந்தான். "இவ ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சா?"

ஹெதர் வைமாரியைப் பார்த்தாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி. இந்தக் கொட்டகையில ரகசியம் எங்க இருக்கு?"

"ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் வழியுது. ஆனா ஸ்கேன்ல பாத்தா, அதைச் சுரக்க வேண்டிய சுரப்பி உன் கழுத்துல குறட்டை விட்டுத் தூங்குது."

"தூங்குறவன் எப்படி வேலை செய்வான்?" என்றான் கெரியாமா.

"செய்யல. அதான் சிக்கல். மூளைக்கு அடியில பட்டாணி சைஸுல பிட்யூட்டரின்னு ஒரு மேஸ்திரி இருக்கான், உன்னை மாதிரி. ரத்தத்துல சரக்கு குறைஞ்சா தைராய்டை விரட்டுவான். நிறைஞ்சு கிடந்தா போய்ப் படுன்னுடுவான். இப்ப படுக்கத்தான் வெச்சிருக்கான். அப்படின்னா சரக்கு வெளியிலேர்ந்து வருது."

"வெளியிலேர்ந்துன்னா, மாத்திரை" என்றான் கெரியாமா.

டாக்டரும் அதைத்தான் எழுதியிருந்தார். இளைப்பதற்காகத் திருட்டுத்தனமாகத் தைராய்டு மாத்திரை விழுங்குகிறவர்கள் உண்டு.

கெரியாமாவின் முகம் இறுகியது. "மாத்திரை முழுங்கிட்டு மிஷின் பிடிக்கிறவளுக்கு என் கூட்டத்துல இடமில்ல. டீக்கு அப்புறம் பையக் கட்டு."

"நான் தலைவலிக்கே மாத்திரை போட மாட்டேன். இளைச்சு யாருக்குக் காட்டப் போறேன், ஆட்டுக்கா?" வைமாரி சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. ஐந்து வருஷம் இடுப்பு ஒடியச் சம்பாதித்த இடம். ஒரு டீ நேரத்தில் போகப் போகிறது.

ஹெதர் அவளை நம்பினாள். ஆனால் நம்பிக்கையை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. யோசித்தபடி திரும்பியவளின் கண்ணில் கெரியாமாவின் கையிலிருந்த டீக் கோப்பை பட்டது. டீ தளும்பிக்கொண்டிருந்தது.

"நீயும் கையக் குடு."

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

கல்லின் நாடி நூற்றுப் பதினெட்டு.

ஹெதர் வரிசையாக எல்லோருடைய நாடியையும் பிடித்தாள். நூற்றுப் பன்னிரண்டு. நூற்று இருபத்தொன்று. அங்கே ஜூலைதான் குளிர்காலம், வெளியே உறைபனி. உள்ளே கம்பளி பொறுக்குகிறவர்களுக்குக்கூட நெற்றியில் வியர்வை. இரண்டு வாரமாகத் தினமும் நூறு ஆடு கூடுதலாக முடிந்ததற்குத் தன் அதட்டல்தான் காரணம் என்று கெரியாமா எண்ணிக்கொண்டிருந்தான்.

தரை பெருக்கும் பிரையனிக்கு மட்டும் அறுபத்தெட்டு.

"நீ என்ன புண்ணியம் பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. இவங்கல்லாம் கறி உருண்டை உள்ள தள்ளும்போது நான் சீஸ் டோஸ்ட் தின்னுட்டிருப்பேன். எனக்குக் கறி ஆகாது."

ஹெதர் சமையலறைக்கு நடந்தாள். கெரியாமா பின்னாலேயே போனான். பண்ணைக்காரர் ராஸின் மனைவி நோலீன் அடுப்படியில் உருண்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஹெதர் கரண்டியை வாங்கி ஓர் உருண்டையைப் பிளந்து பார்த்தாள்.

"என் சமையலையா சந்தேகப்படுற, ஹெதர்? கை கழுவாம உப்பு ஜாடியத் தொட மாட்டேன்."

"சுத்தத்தைப் பத்திக் கேக்கல. கறி எங்க வாங்கின?"

நோலீனுக்குக் கோபமே வந்துவிட்டது. "வாங்குறதா? பண்ணை வெச்சுக்கிட்டுக் கடையில கறி வாங்கினா ஊர் சிரிக்கும். நம்ம மாடுதான். வழக்கமா வந்து அடிச்சுக் கொடுக்கிறவனுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. அதனால இந்தத் தடவை ராஸே மூணு மாட்டையும் வெட்டினார். வழக்கமா வர்றவன்னா குரல்வளைப் பக்கத்தைத் தூக்கி எறிஞ்சுடுவான். நாங்க எதுக்கு வீணாக்கணும்? கழுத்து மொத்தத்தையும் கூட்டத்துக்குன்னு அரைச்சு ஃப்ரீஸர்ல வெச்சாச்சு. வைமாரிக்கு அஞ்சு உருண்டை இல்லாம சாப்பாடே இறங்காது."

"மூச்சுக்குழாயை ஒட்டி ரெண்டு பக்கமும் செக்கச்செவேல்னு ஒரு துண்டு இருந்திருக்குமே?"

"ஆமா, கொழுப்பே இல்லாம. நல்ல கறின்னு அதையும் போட்டேன். நல்லாத்தானே வேக வெச்சேன்?"

"வேக வெச்சாலும் அது அழியாது." ஹெதர் கைநீட்டி அடுப்பை அணைத்தாள். "கெரியாமா, அவ பையக் கட்ட வேண்டாம். மிஷின எல்லாம் நிறுத்து. நாடி இறங்குற வரைக்கும் எல்லாருக்கும் ஓய்வு."

"அப்ப அவ எந்த மாத்திரையைத்தான் தின்னா?"

"மாத்திரையே இல்ல. நீயும்தான் தின்ன. மூணு வாரமா நீங்க எல்லாரும் உருண்டை உருண்டையா முழுங்கினது மாட்டோட தைராய்டு."