பத்து மணிக்குப் பதினோரு பேர்

அக்கா பிசியோதெரபி கிளினிக் திறந்த முதல் நாள். காலை பத்து மணிக்கு ஒருவர் வர வேண்டும். பதினோரு பேர் வந்தார்கள். முட்டிவலி நாலு பேர், இடுப்பைப் பிடித்தபடி மூன்று பேர், கழுத்துப் பட்டையோடு ஒரு பஸ் டிரைவர். மற்றவர்களுக்கு எங்கே வலி என்று கேட்கவே நேரமில்லை. நாற்காலிகள் ஆறு. நிற்க முடியாதவர்களையும் உட்கார முடியாதவர்களையும் ஒரே அறையில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லார் போனிலும் ஒரே செய்தி: ‘உங்களுக்குப் பத்து மணி உறுதி.’

மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த தம்பி தலையைத் தூக்கவே இல்லை. வெப்சைட்டில் நேரம் பதிவு செய்யும் ப்ளகின், அதாவது சைட்டோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி ப்ரோக்ராம், அவன் எழுதியது. வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுக்கலாம் என்று மாமா சொன்னபோது, “என் தம்பி இருக்கறப்ப எதுக்கு வெளி ஆளு?” என்று அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். மாமாவுக்கு மச்சினன்மேல் பகையொன்றும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. எடுத்த காரியத்தை அவன் முழுசாக முடித்து அவர் பார்த்ததே கிடையாது. இதிலும் கோட்டை விட்டால் அக்கா இனி அவனை நம்பி ஒன்றும் கொடுக்கமாட்டாள்.

எங்கே தப்பு என்பது அவனுக்குத் தெரியும். பத்து நாளுக்கு முன்பு ப்ளகினை ஏற்றியதும் சைட் அப்படியே விழுந்தது. ‘நீ கூப்பிடும் ஃபங்ஷன் இங்கே இல்லை’ என்று சிவப்பில் ஒரு வரி. ஃபங்ஷன் என்றால் ப்ரோக்ராமுக்குள் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் பகுதி; கேட்ட நேரம் காலியா என்று பார்த்துச் சொல்வது இதன் வேலை. சைட்டில் ஏற்கெனவே இருந்த காலண்டர் ப்ளகினுக்குள் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறது. இருப்பதை இல்லை என்கிறதே என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் அக்கா கேட்டாள்: “முடிஞ்சுதாடா?”

அதே பெயரில் தானே மூன்று வரி எழுதி வைத்தான். எந்த நேரத்தைக் கேட்டாலும் ‘காலி’ என்று சொல்லும் பொய் ஃபங்ஷன். சிவப்பு மறைந்தது. அப்புறமாகச் சரியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த ‘அப்புறம்’ என்கிற ஆசாமியை யாராவது நேரில் பார்த்ததுண்டா?

“முடிஞ்சுதுக்கா” என்றான்.

காலண்டர் ப்ளகினுக்கோ மரியாதை தெரியும். தன் ஃபங்ஷனின் பெயரில் வேறொன்று இருந்தால் சண்டை போடாமல் ஒதுங்கிக்கொள்ளும்படி அதை எழுதியிருந்தார்கள். பொய் இருந்த இடத்தில் மெய்க்கு வேலையில்லாமல் போயிற்று.

பதினோரு பேரைப் பார்த்தும் அக்கா குரலை உயர்த்தவில்லை. “யாருக்கு வலி அதிகமோ அவங்க முதல்ல வாங்க” என்றாள். ஒரு நிமிஷம் எல்லாருக்குமே வலி அதிகமாயிற்று. பிறகு ஒரு முட்டிவலிக்காரர், “என்னோடது இருபது வருஷத்து வலிம்மா, இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும்” என்றார். சிரிப்பில் பாதிச் சூடு இறங்கியது.

மாமாவுக்கு மட்டும் இறங்கவில்லை. உறுதிச் செய்தியின் அடியில் காலண்டர் ப்ளகினை விற்ற கம்பெனியின் பெயரும் எண்ணும் இருந்தன; அங்கே போன் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தார். எதிர்முனையில் ஒரு பெண், “மன்னிச்சிடுங்க சார், உடனே பாக்கறோம் சார்” என்பது அறை முழுக்கக் கேட்டது. தம்பி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி அங்கேயே தங்கிவிடும். அந்தப் பெண் மூன்றாம் முறை மன்னிப்புக் கேட்டபோது அவனால் தாங்க முடியவில்லை.

“மாமா, அவங்களைத் திட்டாதீங்க. தப்பு என்னோடது.”

டிரைவரின் தோளைப் பிடித்திருந்த அக்கா திரும்பாமலே கேட்டாள்: “தெரியாம நடந்துச்சா?”

“இல்லக்கா. தெரிஞ்சுதான் செஞ்சேன்.”

“அடுத்தவங்க வாங்க” என்றாள் அவள். அடியைவிட அது வலித்தது.

மதியம் கடைசி ஆள் போனதும் அக்கா அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் அந்த மூன்று வரிகளை அழித்தான். சிவப்பு வரி திரும்பி வந்தது.

“இதான் அன்னிக்கு வந்துதா?”

“ஆமா.”

“இதை எங்கிட்ட காட்டறதுக்கென்ன? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?”

அவனுக்குக் கண் கலங்கியது. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ப்ளகின் பட்டியல்ல முதல்ல அக்கான்னு இருக்கே, அது என்னடா?”

“நான் எழுதினதுதான். உனக்காகத்தானேன்னு ஃபோல்டருக்கு அந்தப் பேரு வெச்சேன்.” சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். “அய்யோ! சைட் திறக்கறப்ப இந்த ப்ளகினெல்லாம் ஏபிசிடி வரிசையிலதான் எழுந்திருக்கும். அக்கா ஏ, காலண்டர் சி. இன்னும் எழுந்திருக்காத ஆளைப் போய் நான் கூப்பிட்டிருக்கேன்!”

எல்லா ப்ளகினும் ஏறி முடியும்வரை காத்திரு என்று ஒரே ஒரு வரி சேர்த்தான். சிவப்பு போயிற்று. அக்கா நாளைக் காலைப் பத்து மணிக்குப் பதிவு செய்தாள், உறுதியானது. மறுபடி அதே நேரத்தைக் கேட்டாள், ‘நிரம்பிவிட்டது’ என்றது. மாமாவும் தன் போனிலிருந்து முயன்றார். அவருக்கும் அதே பதில்தான்.

“அப்ப இனிமேலும் இவன்தான் பாத்துக்கப் போறானா?” என்றார் மாமா.

“ஆமா” என்றாள் அக்கா. “மாட்டிக்காம தப்பிச்சிருக்கலாம். பதினோரு பேருக்கு முன்னாடி ஒத்துக்கிட்டான். நீங்க கொண்டு வர்ற ஆளு அதைச் செய்வானா?”

மாமா போனை எடுத்தார். காலண்டர் கம்பெனியின் எண்ணைத் திரும்பப் போட்டு, காலையில் திட்டு வாங்கிய அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்றார்.